கேஸ் கிரில் மக்கர் செய்தால்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

அமெரிக்காவிலும் கனடாவிலும் மே மாதம் வெயில் கொஞ்சம் தலைகாட்டியதும் வீட்டுக்கு வீடு கொல்லைப்புறத்தில் கேஸ் கிரில்லின் உறையைக் கழற்றுவார்கள். மாதக்கணக்கில் தொடாமல் கிடந்த அடுப்பு அது. அன்றைக்கே விருந்தாளிகளும் வருவார்கள், மசாலா தடவிய கோழியும் ஊறிக்கொண்டிருக்கும், அடுப்பு மட்டும் சூடேறாது. அந்த நேரத்தில் எதை முதலில் பார்ப்பது, எதில் கை வைக்கவே கூடாது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இங்கே நான் சொல்வது 20 பவுண்டு புரோப்பேன் சிலிண்டரில் ஓடும் சாதாரண வீட்டு கிரில்லைப் பற்றி. வீட்டுக் குழாயில் வரும் நேச்சுரல் கேஸில் ஓடும் கிரில் என்றால் பர்னர், சமையல் பற்றிய பகுதிகள் உங்களுக்கும் பொருந்தும். ஆனால் ஒரு கேஸுக்கென்று செய்த கிரில்லை இன்னொன்றில் அப்படியே இணைக்காதீர்கள். இரண்டுக்கும் அழுத்தம் வேறு, ஜெட்டின் துளை அளவும் வேறு.

கேஸ் போகும் வழியை ஒருமுறை மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சிலிண்டர் வால்வு, அதில் மாட்டிய ரெகுலேட்டர், ரப்பர் ஹோஸ், ஒவ்வொரு நாபுக்கும் பின்னால் ஒரு சின்ன வால்வு, அதன் நுனியில் ஊசித்துளை அளவுக்கு ஒரு ஜெட், அந்த ஜெட் நுழையும் பர்னர் குழாயின் வாய், கடைசியில் பர்னரின் துளைகள். குழாயின் வாயில்தான் கேஸோடு காற்று கலக்கிறது. கோளாறு எதுவானாலும் இந்த வழியில் எங்கோதான் இருக்கும், சுடரைப் பார்த்தாலே பெரும்பாலும் எங்கே என்று தெரிந்துவிடும்.

கேஸ் வாடை அடிக்கிறது

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இது. புரோப்பேனுக்குச் சொந்தமாக வாடை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்றுதான் அழுகிய முட்டை மாதிரி நாறும் ஒரு மெர்காப்டன் சேர்மத்தைக் கலக்கிறார்கள். வாடை வந்தால் அது தன் வேலையைச் செய்கிறது என்று பொருள்.

கிரில் எரிந்துகொண்டிருக்கும்போது வாடை வந்தால் நாப்களை மூடுங்கள், சிலிண்டர் வால்வை வலப்பக்கமாகத் திருகி மூடுங்கள், மேல்மூடியைத் திறந்து வையுங்கள். வாடை நின்றுவிட்டால் சோதனைக்குப் போகலாம். மூடிய பிறகும் வாடை போகவில்லை, அல்லது உஸ்ஸென்று சத்தம் கேட்கிறது என்றால் அங்கே நிற்காதீர்கள். வீட்டில் உள்ளவர்களைத் தள்ளி அழைத்துப் போய் 911ஐ அழையுங்கள். புரோப்பேன் காற்றைவிடக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு கனம். மேலே போய்க் கலையாது, தரையோடு தரையாக ஓடிப் பள்ளத்திலும் பேஸ்மென்ட் ஜன்னல் ஓரத்திலும் தேங்கும். மூக்கு மட்டத்தில் வாடை குறைவாக இருப்பதை நம்ப முடியாது.

கசிவைப் பிடிக்கும் முறை எளிது. பாத்திரம் தேய்க்கும் திரவ சோப்பையும் தண்ணீரையும் சரிபாதி கலந்துகொள்ளுங்கள். நாப் எல்லாம் மூடியிருக்கட்டும், சிலிண்டர் வால்வை மட்டும் திறங்கள். பழைய பெயின்ட் பிரஷ்ஷால் வால்வின் கழுத்து, ரெகுலேட்டர் இணைப்பு, ஹோஸின் முழு நீளம், அது கிரில்லுக்குள் நுழையும் இடம் எல்லாவற்றிலும் தடவி, அரை நிமிடம் உற்றுப் பாருங்கள். தடவும்போது வரும் நுரை அடங்கிவிடும். ஒரே இடத்தில் குமிழி மெல்ல உப்பி, வெடித்து, மறுபடி உப்பினால் அங்கேதான் கசிவு. இணைப்பில் கசிந்தால் வால்வை மூடிவிட்டு, கழற்றி, கையால் இறுக்கமாக மாட்டிப் பாருங்கள். ஸ்பானர் வேண்டாம், அந்தப் பெரிய பிளாஸ்டிக் நட் கையால் திருகுவதற்கென்றே செய்தது. ஹோஸில் கசிந்தால் டேப் சுற்றாதீர்கள். ரெகுலேட்டரோடு சேர்த்துப் புதிது வாங்கிவிடுங்கள். சிலிண்டர் வால்விலேயே கசிந்தால் அந்த சிலிண்டர் வேண்டாம்.

நம்மூரில் சிலர் இன்னமும் தீக்குச்சியைக் கொளுத்திக் கிட்டே காட்டிப் பார்ப்பார்கள். எந்த அடுப்புக்கும் அது வேண்டாம்.

பற்றவே மாட்டேன் என்கிறது

பட்டனை அழுத்தினால் டிக் டிக் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். வரவில்லை என்றால் பெரும்பாலும் பட்டனுக்குப் பின்னால் இருக்கும் பேட்டரிதான். பட்டன் மூடியைத் திருகிக் கழற்றினால் உள்ளே ஒரு ஏஏ பேட்டரி இருக்கும். ஒரு பனிக்காலம் போதும், அது துருவேறி நிற்க. பேட்டரி இல்லாத வகை என்றால் ஒயர் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். சத்தம் வந்தும் பற்றவில்லை என்றால் பொறி எங்கே விழுகிறது என்று இருட்டும் நேரத்தில், கேஸைத் திறக்காமல் பாருங்கள். மின்முனைக்கும் பர்னருக்கும் நடுவே மூன்று நான்கு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் சரி. மேலே கொழுப்பு படிந்திருந்தாலும், வெள்ளைப் பீங்கான் விரிசல் விட்டிருந்தாலும் பொறி வேறு பக்கம் ஓடிவிடும்.

இக்னைட்டர் செத்துப்போனாலும் சமையலை நிறுத்த வேண்டியதில்லை. நீண்ட கைப்பிடி லைட்டரால் பற்றவைக்கலாம். ஆனால் வரிசை முக்கியம். மேல்மூடி திறந்திருக்க வேண்டும். முதலில் லைட்டரை ஏற்றி பர்னர் அருகே கொண்டுபோங்கள், அப்புறம் நாபைத் திறங்கள். சமையலறையில் நாபைத் திருகிவிட்டு லைட்டரைத் தேடும் பழக்கம் நம்மில் நிறையப் பேருக்கு உண்டு. திறந்த அடுப்பில் அது எப்படியோ தப்பிக்கும். கிரில் ஒரு பெட்டி. மூடியும் சாத்தியிருந்தால் கனமான அந்த கேஸ் பெட்டிக்குள்ளேயே நிரம்பி நிற்கும், பொறி விழுந்த கணம் எல்லாம் சேர்ந்து முகத்தை நோக்கி வரும். ஐந்து விநாடிக்குள் பற்றவில்லை என்றால் நாபை மூடிவிட்டு, மூடியைத் திறந்தபடி ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். பசியோடு பத்துப் பேர் காத்திருந்தாலும் அந்த ஐந்து நிமிடத்தைக் குறைக்காதீர்கள்.

பற்றுகிறது, ஆனால் சூடேறவே இல்லை

மக்கள் அதிகம் தவிப்பது இதில்தான், புது கிரில்லைக்கூடத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். எல்லா நாபும் முழு வேகத்தில் இருக்கும், சுடர் மட்டும் குட்டையாக, சோம்பலாக எரியும். மூடியில் உள்ள வெப்பமானி 250, 300 ஃபாரன்ஹீட்டில் நின்றுவிடும். நல்ல நிலையில் உள்ள கிரில் மூடிய பத்துப் பதினைந்து நிமிடத்தில் 500ஐத் தாண்ட வேண்டும்.

காரணம் பெரும்பாலும் பழுது அல்ல. சிலிண்டரில் திருகும் இணைப்புக்குள் கேஸ் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு சாதனம் இருக்கிறது. ஹோஸ் அறுந்துவிட்டால் சிலிண்டர் முழுவதும் கொட்டிவிடக்கூடாது என்பதற்காக வைத்தது. திடீரென்று கேஸ் வேகமாக ஓடினால் அது அடைத்துக்கொண்டு, ஒரு கீற்று அளவுக்கு மட்டும் விடும். ஹோஸ் அறுந்ததா, நீங்கள் வால்வைப் படக்கென்று திறந்தீர்களா என்று அதற்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. நாப் ஏதாவது ஒன்று திறந்திருக்கும்போது சிலிண்டரைத் திறந்தாலும் அதே கதைதான். முந்தைய சமையல் முடிந்து சிலிண்டரை மட்டும் மூடிவிட்டு நாபை மறந்து போனால் அடுத்த முறை இது நிச்சயம் நடக்கும்.

சரி, இப்படிச் செய்யுங்கள். நாப்களை எல்லாம் மூடுங்கள். சிலிண்டர் வால்வை மூடுங்கள். ரெகுலேட்டரை சிலிண்டரிலிருந்து கழற்றுங்கள். மேல்மூடியைத் திறந்து வைத்து ஐந்து நிமிடம் விடுங்கள். மறுபடி மாட்டி, கையால் இறுக்குங்கள். இனிதான் கவனம்: சிலிண்டர் வால்வைக் கால் சுற்று மட்டும், மெதுவாகத் திறந்து, கொஞ்சம் பொறுங்கள். ஹோஸுக்குள் அழுத்தம் நிரம்பச் சில விநாடிகள் கொடுங்கள். அப்புறம் மீதியையும் நிதானமாகத் திறங்கள். கடைசியில் ஒரு பர்னரைப் பற்றவைத்து, அது நிமிர்ந்து எரிந்ததும் அடுத்தது. பெரும்பாலும் இதோடு சரியாகிவிடும். சமையல் முடிந்ததும் முதலில் நாப்கள், பிறகு சிலிண்டர் என்று பழக்கிக்கொண்டால் திரும்ப வராது.

இரண்டு முறை இப்படிச் செய்தும் அது மறுபடி மறுபடி அடைத்துக்கொண்டால், உண்மையிலேயே எங்கோ கசிகிறதோ என்று சந்தேகப்பட்டு சோப்புத் தண்ணீர் சோதனைக்குத் திரும்புங்கள். கசிவும் இல்லை என்றால் ஹோஸ் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ரெகுலேட்டரை மாற்றுங்கள். அந்தச் சாதனத்தைப் பிடுங்கி எறிவதற்கும், உள்ளே குடைந்து தளர்த்துவதற்கும் யோசனை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவு செய்து கேட்காதீர்கள். ஹோஸை எலி கடித்த ஒரு நாளில் உங்களுக்கும் சிலிண்டருக்கும் நடுவே நிற்கப்போவது அது ஒன்றுதான்.

சிலிண்டர் தீர்ந்துபோய்த்தான் சூடு வரவில்லையா என்று பார்க்க, குளியலறை எடை மெஷின் போதும். சிலிண்டர் கழுத்தில் காலி எடை பொறித்திருக்கும், 20 பவுண்டு சிலிண்டருக்கு அது 17 பவுண்டு வாக்கில் வரும். நிறுத்த எடையில் அதைக் கழித்தால் மிச்சம் கேஸ். அமெரிக்காவில் கடையில் காலியைக் கொடுத்து மாற்றி வாங்கும் சிலிண்டரில் பெரும்பாலும் 15 பவுண்டுதான் நிரப்பியிருப்பார்கள், அதையும் கணக்கில் வையுங்கள். மெஷின் இல்லையென்றால் ஒரு குவளை வெந்நீரை சிலிண்டரின் பக்கவாட்டில் ஊற்றிக் கையால் தடவிப் பாருங்கள். எந்த மட்டத்தில் சூடு நின்று சில்லென்று ஆகிறதோ அதுவரைதான் திரவம்.

சுடர் மஞ்சளாக எரிகிறது, அல்லது நாபுக்குப் பின்னால் தீ தெரிகிறது

நல்ல சுடர் நீலமாக, அடியில் பிடிப்போடு, நுனியில் மட்டும் கொஞ்சம் மஞ்சள் பூத்து இருக்கும். முழுக்க மஞ்சளாக, நெளிந்து நெளிந்து, பாத்திரத்தில் கரி படியும்படி எரிந்தால் காற்று போதவில்லை. பர்னர் குழாயின் வாயில் ஏதோ அடைத்திருக்கிறது, அது அநேகமாகச் சிலந்தி வலை.

குறுகலான, இருட்டான, மழை படாத குழாய் என்றால் சிலந்திக்கும் குளவிக்கும் பிடித்த இடம். இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2011இல் மாஸ்டா நிறுவனம் அமெரிக்காவில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மாஸ்டா6 கார்களைத் திரும்ப அழைத்தது, ஒரு வகை மஞ்சள் சிலந்தி பெட்ரோல் டேங்கின் காற்றுக்குழாயில் வலை கட்டியதற்காக. கிரில்லில் வலை கட்டினால் சுடரின் நிறம் மாறுவதோடு நிற்காது. உள்ளே போக வழியில்லாத கேஸ், காற்று நுழையும் ஓட்டை வழியாகப் பின்னுக்கு வழிந்து, நாப் பலகைக்குப் பின்னால் பற்றிக்கொள்ளும். அங்கேதான் வால்வும் ஹோஸும் இருக்கின்றன. நாப் வழக்கத்தைவிடச் சுடுகிறது, பலகைக்கு அடியில் வெளிச்சம் தெரிகிறது, புஸ் என்ற சத்தம் முன்பக்கத்திலிருந்து வருகிறது என்றால் உடனே சிலிண்டரை மூடுங்கள். சிலிண்டரை நெருங்க முடியாத அளவுக்குத் தீ என்றால் விலகிப் போய் 911.

சுத்தம் செய்வது கடினமில்லை. சிலிண்டரைக் கழற்றி, எல்லாம் ஆறிய பிறகு, கம்பித்தட்டையும் அதற்குக் கீழே உள்ள தகடுகளையும் எடுங்கள். பர்னர் பெரும்பாலும் பின்பக்கம் ஒரு ஸ்க்ரூ அல்லது கிளிப்பில்தான் நிற்கும். அதை விடுவித்துப் பின்னால் இழுத்தால் ஜெட்டிலிருந்து கழன்று வரும். வாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். மெல்லிய வெள்ளைப் பஞ்சு மாதிரி இருந்தால் அதுதான். நீளமான வளையும் குழாய் பிரஷ் இதற்கென்றே கடையில் கிடைக்கிறது, அதை உள்ளே விட்டுச் சுழற்றி இழுங்கள். காற்று ஓட்டையில் கம்பி வலை இருந்தால் அதையும் பல் தேய்க்கும் பழைய பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

ஜெட்டை மட்டும் ஊசியால் குத்தாதீர்கள். மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்குப் பின் குத்திப் பழகிய கை தன்னால் அங்கே போகும். பித்தளை ஜெட்டின் துளை இம்மி பெரிதானாலும் தேவைக்கு மேல் கேஸ் வரும், பிறகு சுடர் ஒருநாளும் சரியாக நிற்காது. அடைத்திருந்தால் காற்றடித்துப் பாருங்கள், இல்லை மாற்றுங்கள், விலை அதிகமில்லை.

திரும்ப மாட்டும்போது ஒவ்வொரு ஜெட்டும் பர்னர் வாய்க்குள் நேராக நுழைந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பக்கத்தில் உரசிக்கொண்டு வெளியே நின்றால் கேஸ் முழுவதும் பலகைக்குப் பின்னால்தான் போகும். இதைப் பார்க்காமல் மூடியைப் பொருத்திப் பற்றவைப்பதுதான் இந்தச் சுத்தப்படுத்தலிலேயே ஆபத்தான படி.

சுடர் பர்னரை விட்டு எம்பி, ஊதுகிற சத்தத்தோடு எரிந்தால் அது எதிர்ப்பக்கக் கோளாறு, காற்று அதிகம். உங்கள் கிரில்லில் காற்றைக் குறைக்கும் தகடு இருந்தால் கொஞ்சம் சாத்துங்கள்.

ஒரு பக்கம் கருகுகிறது, மறுபக்கம் வேகவில்லை

எந்தப் பக்கம் என்று ஊகிப்பதைவிட ரொட்டியை வைத்துப் பார்த்துவிடலாம். கிரில்லை நன்றாகச் சூடேற்றி, நடுத்தரத் தீயில் வைத்து, வெள்ளை பிரெட் துண்டுகளைக் கம்பித்தட்டு முழுக்க நெருக்கமாக அடுக்குங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் அதே வரிசையில் புரட்டி வைத்துப் பாருங்கள். இடது மூலை கறுத்து, நடுவில் பொன்னிறம், வலது பின்பக்கம் வெள்ளை வெளேரென்று என, கிரில்லின் சூட்டுப் படம் அப்படியே விரிந்து கிடக்கும். அதைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வெளுத்த இடத்துக்குக் கீழே பர்னர் துளைகள் அடைத்திருக்கும். கம்பி பிரஷ்ஷால் துளைகளுக்குக் குறுக்கே தேய்க்க வேண்டும், நீளவாக்கில் தேய்த்தால் அழுக்கை அடுத்த துளைக்குள் தள்ளுவோம். துரு தின்று இரண்டு துளை ஒன்றாகியிருந்தால் பர்னரை மாற்றும் காலம். எல்லாம் சரியாக இருந்தும் பின்பக்கம் கூடுதல் சூடு என்றால், அது அந்த கிரில்லின் குணம். அங்கே தொடைக்கறியை வையுங்கள், மீனை வைக்காதீர்கள்.

சமைக்கும்போது தீ பொங்கி எழுகிறது

கோழித் தோலிலிருந்தும் ஆட்டுக் கொழுப்பிலிருந்தும் சொட்டுவது சூடான தகட்டில் விழுந்து குப்பென்று எரிவது சாதாரணம்தான். இரண்டு மூன்று விநாடியில் அடங்கினால் விட்டுவிடலாம். அடங்கவில்லை என்றால் கறியை இடுக்கியால் தீயில்லாத பக்கம் நகர்த்துங்கள், அந்த பர்னரைக் குறையுங்கள். இதற்காகத்தான் கிரில்லில் ஒரு பக்கம் எப்போதும் அணைத்தோ குறைத்தோ வைத்திருக்கச் சொல்கிறேன். முழுத் தட்டையும் கறியால் நிரப்பிவிட்டால் தீ வரும்போது நகர்த்த இடமிருக்காது.

எண்ணெய் வழிய ஊறவைத்த மசாலாவை வழித்துவிட்டு வையுங்கள். ஊறலில் எண்ணெய் ஒரு கரண்டி போதும்.

அடியில் உள்ள கொழுப்புத் தட்டு பற்றிக்கொண்டால் கதை வேறு. கறுப்புப் புகை மண்டும், மூடியின் ஓரங்களில் ஆரஞ்சு நிறத் தீ எட்டிப் பார்க்கும், நாபை மூடினாலும் எரியும். அப்போது எல்லா நாபையும் மூடி, மேல்மூடியைச் சாத்தியபடியே விடுங்கள். சிலிண்டரைப் பத்திரமாக எட்ட முடிந்தால் அதையும் மூடுங்கள். என்ன ஆச்சு என்று மூடியைத் திறந்தால் புதுக்காற்று கிடைத்துத் தீ தாவும். கேஸ் கிரில்லின் பின்பக்கம் காற்றுக்கு வழி வைத்தே செய்திருப்பார்கள், அதனால் உடனே அணையாது, பொறுமை வேண்டும். தண்ணீர் ஊற்றவே கூடாது. கொதிக்கும் கொழுப்பில் விழுந்த தண்ணீர் நொடியில் ஆவியாகி, எரியும் கொழுப்பைத் துளித்துளியாகச் சுற்றிலும் வீசும். சின்னத் தீ என்றால் சமையல் சோடாவைத் தூவலாம். ஏபிசி வகைத் தீயணைப்பான் ஒன்று கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும், ஆனால் கிரில்லுக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டாம். தீ சுவரை நோக்கிப் போனாலோ ஹோஸைத் தொட்டாலோ அணைக்க முயலாமல் விலகி, 911.

இது வராமல் தடுக்க வழி ஒன்றுதான், கொழுப்புத் தட்டைக் காலி செய்வது. நாலைந்து சமையலுக்கு ஒருமுறை அடித்தட்டைச் சுரண்டி, கிண்ணத்தைக் கொட்டுங்கள். சுத்தம் செய்யச் சோம்பி அடித்தட்டில் அலுமினியத் தாளை விரிப்பவர்கள் உண்டு. அது கொழுப்பு வழிந்தோடும் பாதையை அடைத்து, பர்னருக்கு நேர் கீழே குளம் கட்டிவிடும்.

கிரில் நிற்கும் இடமும் இதோடு சேர்ந்ததுதான். வீட்டுச் சுவரிலிருந்து 10 அடி தள்ளி வையுங்கள். வினைல் பலகை அடித்த சுவர் தீ படாமலே வெப்பத்தில் நெளிந்து தொங்கும். மழை வருகிறதே என்று கராஜுக்குள் தள்ளிக் கதவைத் திறந்து வைத்துச் சமைப்பது கூடவே கூடாது. தீ ஒரு பக்கம், கார்பன் மோனாக்சைடு இன்னொரு பக்கம். அதற்கு நிறமும் இல்லை வாடையும் இல்லை. அபார்ட்மென்ட் பால்கனியில் வைக்கலாமா என்பது ஊருக்கு ஊர் மாறும், கட்டட விதியைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

வெளியே கருகிவிட்டது, உள்ளே பச்சையாக இருக்கிறது

எலும்போடு இருக்கும் கோழிக்காலில்தான் இது அதிகம். முழுத்தீயில் தோல் கறுக்கச் சில நிமிடம் போதும், எலும்பை ஒட்டிய சதை வேக அரை மணிக்கு மேல் ஆகும். இரண்டையும் ஒரே தீயில் செய்ய முடியாது. ஒரு பக்க பர்னரை அணைத்து, கால்களை அந்தப் பக்கம் வைத்து, மூடியைச் சாத்தி, பெட்டிக்குள் 375, 400 ஃபாரன்ஹீட் நிற்கும்படி வேகவிடுங்கள். முக்கால்வாசி வெந்ததும் தீயுள்ள பக்கம் மாற்றித் தோலை முறுக்குங்கள். தேன், வெல்லம், தக்காளி சாஸ் சேர்ந்த பூச்சு கடைசி ஐந்து பத்து நிமிடத்துக்கு மட்டும், சர்க்கரை சீக்கிரம் கருகிக் கசந்துவிடும். மிளகாய்த்தூளும் அப்படித்தான்.

வெந்ததா என்பதை நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. நன்றாக வெந்த கோழியின் எலும்போரம் சிவந்திருப்பதும் உண்டு, வேகாத கோழி வெளுத்திருப்பதும் உண்டு. குச்சி மாதிரியான டிஜிட்டல் வெப்பமானி ஒன்று வாங்கிவிடுங்கள். கிரில்லுக்கு வாங்கும் சாமான்களில் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன். தடிமனான இடத்தில், எலும்பில் படாமல் குத்த வேண்டும். கோழித் துண்டு 165 ஃபாரன்ஹீட், அதாவது 74 செல்சியஸ். முழுக்கோழிக்கு கனடாவில் 82 செல்சியஸ் என்று சொல்கிறார்கள். ஆட்டு, மாட்டுக் கொத்துக்கறி 160 ஃபாரன்ஹீட், 71 செல்சியஸ். ஆட்டுக்கறியும் மாட்டுக்கறியும் முழுத் துண்டாக இருந்தால் 145 ஃபாரன்ஹீட்டிலேயே நிறுத்தலாம். கொத்துக்கறிக்கு ஏன் கூடுதல் என்றால், முழுத் துண்டின் மேற்புறத்தில் மட்டும் இருக்கும் கிருமி, கொத்தும்போது உள்ளே எல்லா இடத்துக்கும் போய்விடுகிறது. சீக் கபாப் போடுகிறவர்கள் இதை மறக்க வேண்டாம். கோழிக்கால் 74இல் சாப்பிடப் பாதுகாப்பானதுதான், ஆனாலும் 80, 85 செல்சியஸ் வரை விட்டால் சதை எலும்பை விட்டுக் கழன்று வரும், ருசியும் கூடும்.

நம் வீடுகளில் காலையிலேயே கோழியை அரைவேக்காடாக வேகவைத்து, மத்தியானம் கிரில்லில் போடும் வழக்கம் இருக்கிறது. அரைவேக்காட்டில் கிருமி முழுதாகச் சாகாது, இடைப்பட்ட இளஞ்சூட்டில் பெருகும். அப்படிச் செய்வதானால் அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு கிரில்லுக்குப் போக வேண்டும். ஊறவைத்த கறி கடைசி நிமிடம் வரை ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். வெளியே இரண்டு மணி நேரம்தான் கணக்கு, வெயில் 32 செல்சியஸைத் தாண்டினால் ஒரு மணி. பச்சைக்கறி கொண்டுவந்த தாம்பாளத்திலேயே வெந்ததை எடுத்து வைக்காதீர்கள். மிச்சமான ஊறல் மசாலாவை மேலே தடவ ஆசை என்றால், ஊறவைக்கும் முன்பே கொஞ்சம் தனியே எடுத்து வையுங்கள், இல்லையென்றால் கொதிக்கவிட்டுத்தான் தடவ வேண்டும்.

கம்பியில் ஒட்டிக்கொண்டு பிய்கிறது

தட்டு சூடேறவில்லை, அல்லது நேற்றைய கரி ஒட்டியிருக்கிறது, அல்லது நீங்கள் அவசரப்படுகிறீர்கள். மூடியைச் சாத்தி பத்துப் பதினைந்து நிமிடம் சூடேற்றி, சுரண்டிவிட்டு, எண்ணெயைத் தட்டில் பூசாமல் கறியில் பூசி வையுங்கள். மேல்தோல் சரியாக வறுபட்டதும் தானே கம்பியை விடும். மீனும் பனீரும் முதல் சில நிமிடம் தொடாமல் விட்டால்தான் முழுசாக வரும்.

சுரண்டும் பிரஷ் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கம்பி பிரஷ்ஷின் இழை உதிர்ந்து தட்டில் ஒட்டி, கறியோடு தொண்டைக்கும் குடலுக்கும் போய்க் குத்துகிறது. 2002க்கும் 2014க்கும் இடையில் அமெரிக்காவில் இப்படி 1,600க்கு மேற்பட்டவர்கள் அவசர சிகிச்சைக்குப் போயிருப்பார்கள் என்று மிசூரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். தட்டுக்கு மரச் சுரண்டியோ இழையில்லாத சுருள் வகையோ போதும். எதைக்கொண்டு தேய்த்தாலும் கடைசியில் ஈரமான பழைய துணியை மடித்து இடுக்கியில் பிடித்து ஒருமுறை துடையுங்கள். பர்னரைத் தேய்க்கக் கம்பி பிரஷ் எடுத்தாலும் இழை எதுவும் தட்டுக்கு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாதியில் அணைகிறது, குளிரில் தீ இளைக்கிறது

பின்பக்கத்திலிருந்து காற்று அடித்தால் குறைந்த தீ அணையும். கிரில்லைத் திருப்பி வையுங்கள், சுற்றிலும் தடுப்புக் கட்டாதீர்கள். ஒரு பர்னர் அணைந்தது தெரிந்தால் உடனே மறுபடி பட்டனை அழுத்தாமல், எல்லாவற்றையும் மூடி, மூடியைத் திறந்து, அதே ஐந்து நிமிடம்.

கடுங்குளிரில் தீ இளைப்பது வேறு காரணம். புரோப்பேன் கொதிப்பது மைனஸ் 42 செல்சியஸில், அதனால் டொரன்டோ குளிரிலும் அது ஆவியாகும். ஆனால் ஆவியாக வேண்டிய வெப்பத்தை அது சிலிண்டரின் உலோகச் சுவரிலிருந்துதான் எடுக்கிறது. உள்ளே திரவம் குறையக் குறைய அது தொடும் சுவரும் குறையும், எல்லா பர்னரும் ஓடும்போது ஆவி ஈடுகொடுக்காது. சிலிண்டரின் அடியில் வெள்ளையாக உறைபனி படர்வது அதன் அடையாளம். குளிர்காலத்தில் நிறைந்த சிலிண்டரோடு தொடங்குங்கள், பர்னர்களைக் குறைத்து ஓட்டுங்கள். சிலிண்டரைச் சூடாக்க எந்தத் தீயையும் கிட்டே கொண்டுபோக வேண்டாம், வீட்டுக்குள் கொண்டுவந்து கதகதப்பாக வைக்கவும் வேண்டாம். கிரில்லை கராஜில் அடைத்து வைப்பதானால் சிலிண்டரைக் கழற்றி வெளியே, நிமிர்த்தி வையுங்கள். அதன் கழுத்தில் பொறித்த தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். கனடாவில் பத்து வருடம் தாண்டிய சிலிண்டரை மறுபரிசோதனை இல்லாமல் நிரப்பித் தரமாட்டார்கள். ஹோஸின் முனையை ஒரு பிளாஸ்டிக் பையால் மூடி ரப்பர் பேண்ட் போட்டு வைத்தால் குளிர்காலம் முழுக்க சிலந்தி ஹோஸுக்குள் போகாது. மே மாதம் அதை எடுத்துவிட்டு சிலிண்டரை மாட்டி, பற்றவைக்கும் முன் சோப்புத் தண்ணீர் சோதனையைச் செய்துவிடுங்கள்.